ஜெர்மன் பையர் 120 நாள் தவணை கேட்கிறார், சம்மதிக்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அப்பா காலத்தில் ஜாப் ஒர்க் மட்டும் செய்துகொண்டிருந்த யூனிட். அவர் போனபிறகு இவரும் தம்பியும் எடுத்து நடத்தி, இப்போது 70 மெஷின் ஓடுகிறது. ஐந்து வருடமாக ஜெர்மனியில் ஒரு பையருக்குக் குழந்தைகள் உடை நேரடியாக ஏற்றுமதி. வருடத்துக்கு ஏறக்குறைய 6 கோடி, மொத்த வியாபாரத்தில் பாதிக்கு மேல். இதுவரை டாலரில் பில், எல்சி (பையரின் வங்கி தரும் பண உத்தரவாதம்), சரக்குக் கப்பல் ஏறி ஒரு மாதத்துக்குள் பணம். இப்போது பையர் எல்சி கிடையாது, சரக்கு ஏறி 120 நாள் கழித்துத்தான் பணம், பில்லும் யூரோவில் போட வேண்டும் என்கிறார். அவசரமென்றால் அவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு லண்டன் நிதி நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்து, கொஞ்சம் கழிவு கொடுத்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாமாம். இதற்கெல்லாம் ஈடாக விலையில் 1.5% கூட்டித் தருகிறார்.

தம்பி சம்மதிக்கலாம் என்கிறார். ரூபாய் எப்படியும் இறங்கும், யூரோவின் விலையை முன்கூட்டியே உறுதி செய்யாமல் (கவர் பண்ணாமல்) விட்டாலே லாபம் என்பது அவர் கணக்கு. வங்கி மேலாளர், பேக்கிங் கிரெடிட்டை (சரக்கைத் தயாரிக்க வங்கி தரும் கடன்) டாலர் கடனாக மாற்றினால் வட்டி குறையும், கடன் லிமிட் கூட்ட அம்மா பெயரில் உள்ள வீட்டைக் கொடுங்கள் என்கிறார். நடுவில் ஒரு கன்சல்டன்ட் வந்து, கரன்சி ஏற்ற இறக்கத்துக்குக் காப்பு என்று சொல்லி "ஜீரோ காஸ்ட்" ஹெட்ஜிங் என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார். "பையர் ஏமாற்றினாலும் ஈசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம்) இருக்கிறது என்று வங்கியிலேயே சொன்னார்கள், அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்களுக்குத் தூக்கம் வராதது சரியான காரணத்துக்குத்தான். நான் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். இருபது வருடத்துக்கு மேலாக ஏற்றுமதி யூனிட்களின் கணக்கைப் பார்க்கிறவன். நீங்கள் இதை ஐந்தாறு தனித்தனிக் கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அத்தனையும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: உங்கள் சரக்குக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஓடும் பணத்துக்கு வட்டி கட்டப்போவது யார்? இதுவரை பெரும்பகுதியை அவர் கட்டினார். இனி நீங்கள் கட்ட வேண்டும் என்கிறார்.

90 நாளின் விலை

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் யூரோ. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு கோடி. நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி, செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி வரை வண்டிச் செலவு எல்லாம் போக உங்களுக்கு 7 லட்சம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 30 நாள் 120 நாளாகும்போது கூடுதல் 90 நாள். நீங்கள் சொன்ன 9.5% வட்டியில் ஒரு கோடிக்கு 90 நாள் வட்டி 2,34,000 ரூபாய். அவர் கூட்டித் தருவது ஒன்றரை லட்சம். ஆக ஒவ்வொரு ஒரு கோடி ஆர்டருக்கும் 84,000 ரூபாயை நீங்கள் அவருக்குக் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். விலை ஏறியது போலத் தெரிந்தாலும் உண்மையில் இறங்கியிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் முடங்கும் முதல். வருடத்துக்கு 6 கோடி வியாபாரத்தில் 30 நாள் பாக்கி என்றால் எந்த நேரத்திலும் அவரிடம் நிற்பது 50 லட்சம். 120 நாள் என்றால் கிட்டத்தட்ட 2 கோடி. இந்த ஒன்றரை கோடி வித்தியாசத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? அதற்காகத்தான் வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது. மேலாளர் மேல் கோபப்பட வேண்டாம். அம்மாவின் வீட்டை உண்மையில் கேட்பது ஜெர்மனியில் இருக்கும் பையர், அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்தன. ஐரோப்பிய மத்திய வங்கி 2 சதவீதத்துக்கு வந்தது, நம் ரிசர்வ் வங்கி 5.5 சதவீதத்துக்கு வந்தது. அப்போது அடித்தளத்திலேயே மூன்றரை சதவீத வித்தியாசம். அதன் மேல் ஒரு நடுத்தர ஜெர்மன் நிறுவனத்துக்கு அங்குள்ள வங்கி வைக்கும் லாபமும், திருப்பூரில் 70 மெஷின் யூனிட்டுக்கு இங்குள்ள வங்கி வைக்கும் லாபமும் ஒன்றாக இருக்காது. அதாவது இந்தச் சங்கிலியில் மலிவாகப் பணம் கிடைக்கும் ஆள் அவர், அதிக வட்டிக்கு வாங்கும் ஆள் நீங்கள். ஆனால் கடன் சுமையை உங்கள் தலையில் வைக்கச் சொல்கிறார். உங்களுக்கு இதில் பேரம் பேச இடம் இருக்கிறது, ஏனென்றால் அவர் சீக்கிரம் பணம் கொடுத்து அதற்குத் தள்ளுபடி வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்குமே செலவு குறைகிறது. இதைக் கெஞ்சலாக எழுத வேண்டியதில்லை, கணக்காக எழுதுங்கள். பையிங் ஏஜென்ட் வழியாக இல்லாமல் அவர்களுடைய நிதிப் பிரிவுக்கே நேராக எழுதுங்கள், அவர்களுக்கு இந்த மொழி புரியும்.

தம்பி சொல்வது: ரூபாய் எப்படியும் இறங்கும்

டாலரை மட்டும், பத்து இருபது வருடக் கணக்கில் பார்த்தால் தம்பி சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உங்கள் பில்லின் ஆயுள் இருபது வருடம் இல்லை, ஆர்டரிலிருந்து பணம் வரும்வரை ஆறு மாதம். அதோடு இனி டாலரும் இல்லை, யூரோ.

2022-ஐ நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வருடம் உக்ரைன் போர், எரிவாயு விலை, அமெரிக்க வட்டி உயர்வு எல்லாம் சேர்ந்து யூரோவை அடித்தன. ஜூலையில் இருபது வருடத்தில் முதல் முறையாக ஒரு யூரோ ஒரு டாலருக்குச் சமமாக வந்தது. அதே மாதங்களில் டாலருக்கு எதிராக ரூபாய் 74, 75-லிருந்து 80-க்கு இறங்கியது. தினமும் செய்தியில் "ரூபாய் வீழ்ச்சி" என்றுதான் வந்தது. ஆனால் யூரோவில் பில் போட்டவர்களுக்கு வருடத் தொடக்கத்தில் 84 ரூபாய் கிடைத்த இடத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் 79, 80 ரூபாய்தான் கிடைத்தது. ஐந்தாறு சதவீதம். உங்கள் ஒரு கோடி ஆர்டரில் அது ஐந்தாறு லட்சம், 7 லட்சம் லாபத்தில் கிட்டத்தட்ட முழுவதும். தையலில் ஒரு தப்பும் இல்லை, ஷிப்மென்ட் ஒரு நாள்கூடத் தாமதமில்லை, இருந்தும் உழைப்பு முழுக்கப் போயிருக்கும்.

டாலரும்கூட எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததில்லை. 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்தது அந்த வருட முடிவுக்குள் 40-க்குக் கீழே வந்தது, உங்கள் ஊரில் எத்தனை யூனிட் அதில் ஆடிப்போனது என்று அப்பாவின் நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். பயந்துபோய் அந்த அடிமட்ட விலையில் நீண்ட காலத்துக்கு டாலரை முன்கூட்டியே விற்று வைத்தவர்கள் 2008 கடைசி மாதங்களில் டாலர் 50-ஐத் தொட்டதைப் பார்த்து இன்னொரு முறை அழுதார்கள்.

ஃபார்வர்டு (பின்னால் வரப்போகும் யூரோவை இன்றே பேசிய விலைக்கு விற்கும் ஒப்பந்தம்) எடுத்தால் "செலவு" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இறக்குமதி செய்பவருக்கு அது செலவு. உங்களுக்குப் பெரும்பாலும் வரவு. இங்கே வட்டி அதிகம், அங்கே குறைவு என்பதால் ஆறு மாதம் கழித்து யூரோவைத் தருகிறேன் என்று இன்றே ஒப்பந்தம் போடுபவருக்கு இன்றைய விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வருடத்துக்கு மூன்றரை சதவீத வட்டி வித்தியாசம் என்றால், இன்று 100 ரூபாய் இருக்கும்போது ஆறு மாத ஃபார்வர்டு ஏறக்குறைய 101.70. ஆர்டருக்கு விலை சொல்லும்போதே இந்த ஃபார்வர்டு விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆர்டர் உறுதியான அன்றே, மறுநாளைக்குத் தள்ளாமல், அதில் 70, 80 சதவீதத்தை விற்றுவிடுங்கள். மீதியை விட்டுவைப்பது தம்பியின் நம்பிக்கைக்காக இல்லை. பையர் அளவு குறைத்தாலோ ஷிப்மென்ட் பாதி ரத்தானாலோ ஃபார்வர்டை ரத்து செய்யும் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது என்பதற்காக.

வங்கியிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "இந்த நிமிடம் இன்டர்பேங்க் ரேட் (வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை) என்ன, நீங்கள் எத்தனை பைசா எடுக்கிறீர்கள்?" 25 பைசா என்றால் ஒரு லட்சம் யூரோவுக்கு 25,000 ரூபாய். கேட்பவர்களுக்குக் குறைப்பார்கள், கேட்காதவர்களுக்குக் குறைக்க மாட்டார்கள், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டாலர் கடன், யூரோ பில்

மேலாளர் சொன்னது பழைய ஏற்பாட்டுக்குச் சரி. டாலரில் கடன், டாலரில் வரவு, வந்த டாலரிலேயே கடன் தீர்ந்துவிடும், நடுவில் ரூபாய் எங்கே போனாலும் கவலை இல்லை. ஆனால் பில் யூரோவுக்கு மாறினால் டாலர் கடன் என்பது இன்னொரு ஆபத்து. 2022 மாதிரி யூரோ விழுந்து டாலர் ஏறினால், வரவும் குறையும், கடனும் கூடும். ஒரே நேரத்தில் இரண்டு பக்க அடி. அந்நியக் கரன்சியில் பேக்கிங் கிரெடிட் எடுப்பதானால் பில் எந்தக் கரன்சியோ அதிலேயே எடுங்கள்.

அதிலும் "வட்டி குறைவு" என்பதை முழு லாபமாக எண்ண வேண்டாம். யூரோவில் கடன் வாங்கி இன்றைய விலையில் ரூபாயாக மாற்றுகிறீர்கள் என்றால், மேலே சொன்ன ஃபார்வர்டில் கிடைக்கும் கூடுதல் விலையை (பிரீமியம்) விட்டுக்கொடுக்கிறீர்கள். ரூபாய்க் கடன் வட்டியிலிருந்து பிரீமியத்தைக் கழித்துப் பாருங்கள், இரண்டுக்கும் இருக்கும் தூரம் பெரிதும் குறைந்திருக்கும். மிச்சம் இருப்பது வங்கியின் மார்ஜின் வித்தியாசம்தான். அந்தக் கழித்தலைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். அப்புறம், யூரோ கடன் எடுத்துக் கரன்சி ஆபத்தை அடைத்த அதே ஆர்டருக்கு ஃபார்வர்டும் போட வேண்டாம், ஒரே யூரோவை இரண்டு முறை விற்பதாகிவிடும்.

"ஜீரோ காஸ்ட்"

இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 2006, 2007-ல் இதே பேச்சோடு சிலர் திருப்பூரில் வலம் வந்தார்கள். டாலர் வியாபாரம் செய்பவர்களுக்கு சுவிஸ் ஃபிராங்க், யென் என்று சம்பந்தமில்லாத கரன்சிகளைக் கட்டிய ஒப்பந்தங்களை விற்றார்கள், தொடக்கத்தில் ஒரு பைசா செலவில்லை. செலவில்லாததற்குக் காரணம், வாங்கியவர் தனக்குத் தெரியாமலேயே இன்னொரு ஆப்ஷனை (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். லாபத்துக்கு ஒரு கூரை, நஷ்டத்துக்குத் தரையே இல்லை. என்னிடம் வந்த ஒருவர் மூன்று வருட லாபத்தை ஒரே காலாண்டில் கட்டினார். கோர்ட்டுக்குப் போனால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 2008-ல் கோவைப் பக்கத்து சர்க்கரை நிறுவனம் ஒன்றின் வழக்கில், இப்படிப்பட்ட ஒப்பந்தம் சூதாட்டம் ஆகாது என்றே சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2011-ல் விதிமீறலுக்காக 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் போட்டது உண்மை, ஆனால் அந்த அபராதம் நஷ்டப்பட்டவர்கள் கைக்கு வரவில்லை. உங்கள் அளவு நிறுவனங்களை இப்போது ரிசர்வ் வங்கி "சில்லறைப் பயனர்" என்று பிரித்து, எளிய கருவிகளை மட்டுமே விற்க அனுமதிக்கிறது. அந்த கன்சல்டன்ட் காட்டுவது அந்த வரம்புக்குள் வருகிறதா என்று உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஈசிஜிசி யாரைக் காக்கிறது?

கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்த வரி இதுதான். வங்கி சொல்வது அனேகமாக அவர்கள் எடுத்து வைத்திருக்கும் ஈசிஜிசி காப்பு. நீங்கள் கடனைக் கட்டாவிட்டால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு அது. ஈசிஜிசி வங்கிக்குப் பணம் கொடுத்தாலும் உங்கள் கடன் தீராது, உங்களிடம் வசூலிப்பார்கள். பையர் பணம் தராததால் உங்களுக்கு வரும் நஷ்டத்துக்குக் காப்பு வேண்டுமென்றால் நீங்கள் தனியாக ஏற்றுமதியாளர் பாலிசி எடுத்து, அந்தப் பையர் பெயரில் லிமிட் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் முழுத் தொகை வராது, ஒரு பங்கு உங்கள் தலையில்தான். ஷிப்மென்ட் விவரம் மாதாமாதம் தெரிவிக்கவில்லை, பணம் தாமதமானதைச் சொல்லவில்லை என்றால் அதுவும் கிடைக்காது. தரத்தில் குறை என்று பையர் தகராறு செய்தால் அந்தத் தகராறு தீரும்வரை க்ளெய்ம் நிற்கும்.

நாளைக்கே பாலிசிக்கு விண்ணப்பியுங்கள். அதில் இன்னொரு பயனும் உண்டு. அவர் பெயரில் எவ்வளவு லிமிட் கொடுக்கிறார்கள் என்பதே அவருடைய நிலைமை பற்றி ஒரு செய்தி. நீங்கள் கேட்டதில் கால்வாசிதான் கொடுத்தால், எல்சியை ஏன் விடுகிறார் என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். 2020-ல் பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ், அமெரிக்காவின் ஜேசிபென்னி இரண்டும் நூறு வருடப் பெயரோடுதான் திவால் நடைமுறைக்குப் போயின. கடனுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.

லண்டன் தளம்

இது தன்னளவில் கெட்ட ஏற்பாடு இல்லை. பையரின் நம்பகத்தன்மையை வைத்து அவர்கள் கழிவு போடுவதால், உங்கள் வங்கியைவிட மலிவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை நம்பி 120 நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2021 மார்ச்சில் லண்டனில் இதே மாதிரி தொழில் செய்த கிரீன்சில் நிறுவனம் ஒரே வாரத்தில் விழுந்தது. அவர்கள் திரட்டிய கடன்களில் முதலீடு செய்திருந்த கிரெடிட் சுவிஸ் வங்கியின் ஃபண்டுகள், ஏறக்குறைய 1,000 கோடி டாலர், முடக்கப்பட்டன. தளம் நின்றுபோனால் உங்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தத்தில் உள்ள 120 நாள்தான், முன்கூட்டிப் பணம் அதோடு நின்றுவிடும்.

பதிவு செய்யும் முன் மூன்று விஷயம். பையர் பணம் தராவிட்டால் உங்களிடம் திருப்பிக் கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் அது பில் விற்பனை இல்லை, இன்னொரு கடன். இரண்டாவது, உங்கள் வரவேண்டிய பாக்கிகள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் வங்கிக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கும். வங்கியின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் அதை வேறொருவருக்கு விற்பது ஒப்பந்த மீறல். மூன்றாவது, ஒவ்வொரு ஷிப்பிங் பில்லுக்கும் எதிராகப் பணம் வந்ததை வங்கி ரிசர்வ் வங்கியின் கணினிப் பதிவில் காட்ட வேண்டும். பையர் அல்லாத ஒருவரிடமிருந்து, கழிவு போகக் குறைந்த தொகை வந்தால் பதிவு திறந்தே நிற்கும், அடுத்த கடனுக்குப் போகும்போது தொல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழி செய்து தருவார்கள்.

என்ன பதில் எழுதலாம்

பாதி வியாபாரம் அவரிடம் இருக்கும்போது ஒரேயடியாக மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: ஆர்டரோடு 20, 30 சதவீத முன்பணம், மீதி 60 நாளில். முப்பது நாளில் தந்தால் 1% தள்ளுபடி. ஈசிஜிசி லிமிட்டுக்கு மேல் பாக்கி நின்றால் அடுத்த ஷிப்மென்ட் எல்சியில் அல்லது பணம் வந்தபிறகு. யூரோ சரி, ஆனால் விலை ஃபார்வர்டு ரேட்டில். 120 நாள்தான் என்று பிடிவாதமாக நின்றால் விலையில் குறைந்தது 2.5%, அதன்மேல் ஈசிஜிசி பிரீமியம்.

ஒப்பந்தம் ஜெர்மன் சட்டப்படி என்று இருந்தால் உங்களுக்குச் சாதகமான சில விஷயங்கள் அதில் உண்டு. நிறுவனங்களுக்கு இடையே 60 நாளுக்கு மேல் தவணை என்றால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மிக அநியாயமாக இருக்கக் கூடாது. தாமதமானால் அடிப்படை வட்டிக்கு மேல் 9 சதவீதப் புள்ளி வட்டி கேட்கலாம். பணம் வரும்வரை சரக்கின் உரிமை விற்பவரிடமே இருக்கும் என்ற வரியை அங்குள்ள விற்பனையாளர்கள் சாதாரணமாகவே சேர்க்கிறார்கள், நீங்களும் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

கடைசியாக அந்த வீடு. வீட்டை அடமானம் வைத்தபிறகு கணக்கு வாராக்கடனாகிவிட்டால், 2002 சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே அதை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வீட்டைக் கொடுப்பதற்கு முன்னால், சிறு நிறுவனக் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் ஈடில்லாமல் லிமிட் கிடைக்குமா என்று கேளுங்கள், சிறு நிறுவனங்களுக்கு அந்த வரம்பு 2025-ல் 5 கோடியிலிருந்து 10 கோடியாக உயர்ந்திருக்கிறது. மேலாளர் தயங்கினால் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தவணையை 60 நாளாகக் குறைக்க முடிந்தால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒன்றரை கோடி இல்லை, 50 லட்சம்தான். முன்பணமும் வந்தால் அதைவிடக் குறைவு. அப்போது வீட்டுக்கு அவசியமே வராமல் போகலாம். "அம்மா கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்" என்று எழுதியிருந்தீர்களே, அதனால்தான் சொல்கிறேன்: பையரின் பதில் வரும்வரை அம்மாவிடம் பத்திரத்தைக் கேட்காதீர்கள். பதில் வந்ததும் அதையும் ஈசிஜிசி கொடுத்த லிமிட் கடிதத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்துப் பார்ப்போம்.